ரயிலில் பூண்டு தின்ற சாமி

சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் சாமிக்கு ஸ்டேஷன் வந்ததுகூடத் தெரியாது. ஒருநாள் அம்பத்தூரில் இறங்க வேண்டியவர் வில்லிவாக்கம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். எங்கள் பெட்டியில் ஒரு சன்னல் மட்டும் ஏன் கடகடவென்று ஆடுகிறது, அதே மாதிரி இருக்கும் பக்கத்துச் சன்னல் ஏன் ஆடவில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம்.

"கண்டுபுடிச்சீங்களா சாமி?" என்றேன்.

"பாதி" என்றார்.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அவரோடு ஒரே பெட்டியில் போய்வந்தேன். கரி எஞ்சின் வண்டி. நான் கடம்பத்தூரில் ஏறுவேன், அவர் திருவள்ளூரில் ஏறுவார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. நெற்றியில் திருமண், முழுக்கைச் சட்டை, கஞ்சி போட்ட வேட்டி. காற்றடித்தால் பறந்துவிடுவார் போன்ற உடம்பு. பெட்டியில் எல்லோருக்கும் அவர் சாமி. நான் யாரைக் கண்டாலும் நைனா என்று கூப்பிடுவேன். அதனால் எனக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சாமி என்றாலே அவர் முகம் எனக்கு வந்துவிடுகிறது, அது போதும்.

அவருக்கு ஒரு வசனம் உண்டு. "ஒண்ணை மாத்தும். மத்ததெல்லாம் அப்படியே கிடக்கட்டும்." எதைக் கொண்டுபோனாலும் இதுதான் பதில். என் சைக்கிள் கிறீச்சிட்டபோது நான் செயினுக்கு எண்ணெய் விட்டு, பெடலை இறுக்கி, சீட்டையும் கழற்றி மாட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. சந்தோஷமாகப் போய்ச் சொன்னால் அவருக்கு வருத்தம்.

"எதனாலே நின்னுதுன்னு உமக்குத் தெரியுமோ?"

"நின்னுச்சு இல்ல சாமி, அது போதாதா?"

"நாளைக்கு மறுபடி கிறீச்சுன்னா மூணையும் பண்ணுவீர். ஆயுசு பூரா மூணையும் பண்ணிண்டிருப்பீர்."

வீட்டிலும் இதே கதைதான். அவர் வீட்டு மாமி ஒருமுறை ஸ்டேஷனுக்குக் குடை கொண்டுவந்தபோது என்னிடம் சொன்னார்: "சாத்தமுது ஒருநாள் நன்னா அமைஞ்சா, மத்த ஆம்பளைகள்லாம் நன்னாயிருக்குன்னுட்டு எழுந்து போயிடுவா. இவர் மட்டும், நேத்திக்கும் இன்னிக்கும் என்னடி வித்யாசம்னு கேட்டுண்டு சமையல்கட்டுலயே நிப்பார். ஒரு வாரம் புளியை மட்டும் மாத்தச் சொன்னார். மறுவாரம் பருப்பை மட்டும். எங்காத்துல சாத்தமுது பண்றதா, பரீட்சை எழுதறதா?" சாத்தமுது என்றால் ரசம். அவர்கள் வீட்டு வார்த்தைகளை நான் மிட்டாய் மாதிரி சேர்த்து வைத்திருந்தேன்.

இத்தனை சோதனைக்கும் நடுவில் அவர் கை வைக்காத இடம் ஒன்று இருந்தது. அவர்களுடையது தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் பார்க்கும் குடும்பம். சாயங்காலம் பெருமாள் சன்னதியில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் அவருடைய அண்ணா முதலில் நிற்பார், தம்பியான இவர் பக்கத்தில் நிற்பார். அப்பா போனபிறகு அவரை வளர்த்ததே அந்த அண்ணாதான். ஓவர்டைம் கொடுத்தாலும் வாங்காமல் அஞ்சே கால் வண்டிக்கு ஓடிவருவார். "அந்த வரிசையிலே நிக்காத நாள் என் கணக்குலே சேராது ஓய்" என்பார். அதைப்பற்றி ஏன், எப்படி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு சித்திரை வெயிலில் மேம்பாலப் படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்றார். ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார். நெய்யைக் குறைக்கச் சொன்னார்.

பெட்டியில் சேதி தெரிந்ததும் ஒரே சிரிப்பு. ஆவடி இறங்குகிற ஃபிட்டர் ஒருவர், "சாமிக்கே கொழுப்புன்னா நாங்கல்லாம் இன்னா ஆவறது?" என்றார். சாமி சிரிக்கவில்லை. இவ்வளவு மெலிந்த உடம்பில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்ற யோசனையிலேயே அம்பத்தூர் வரை வந்தார்.

ஆடி மாதம் ஒரு வாரப் பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். பூண்டு சாப்பிட்டால் ரத்தத்துக் கொழுப்பு கரையும் என்று யாரோ எழுதியிருந்தார்.

"நிஜமா நைனா?"

"எங்க ஊட்டுல நெஞ்சு கரிச்சா, வாயு புடிச்சா, கொளந்த பெத்தா, எல்லாத்துக்கும் பூண்டுதான் சாமி. கொளுப்பு சங்கதி எனக்குத் தெரியாது."

சன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் வீட்டில் வெங்காயமே நுழையாது. பூண்டு என்ற சொல்லே நுழையாது. அதைத் தின்ற வாயோடு பாசுரம் சொல்வது என்பது, அழுக்குக் காலோடு கருவறைக்குள் போவது மாதிரி. அதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டதே.

புட்லூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு ரெண்டு பல் கொண்டு வர முடியுமா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. என் சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் இரண்டு பல் வாழையிலைத் துண்டில் மடித்திருக்கும். செவ்வாப்பேட்டை தாண்டியதும் சன்னல் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு மென்று முழுங்குவார். கண்ணில் தண்ணீர் வரும். "கரித்தூளு உழுந்துடுச்சா சாமி?" என்று எதிர் சீட்டுக்காரர் கேட்பார்.

நெய்யை அவர் குறைக்கவில்லை.

"டாக்டர் சொன்னாரே சாமி?"

"பூண்டையும் சேத்து, நெய்யையும் கொறைச்சா, எது வேலை செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பூண்டு முடியட்டும். அப்புறம் நெய்யைப் பாக்கலாம்."

"உசுரு உங்குளுது சாமி, சைக்கிள் இல்ல."

"அதனாலதான் சரியாப் பாக்கணும்கறேன்."

கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிற ஊர் திருவள்ளூர். ஃபிட்டர் விடவில்லை. "உங்க கொளத்துல வெல்லம் கரைச்சுட்டு நிம்மதியா இருக்காம இன்னாத்துக்கு சாமி இந்த நாத்தம்?"

"கரைச்சிண்டுதான் இருக்கேன் ஓய். அது எப்போவும் உண்டு. புதுசா மாத்தினது பூண்டு ஒண்ணுதான்."

வாசனைதான் பெரிய பாடு. காலையில் தின்றதைச் சாயங்காலத்துக்குள் போக்கியாக வேண்டும். ஏலக்காய் ஒரு வாரம், கிராம்பு ஒரு வாரம், கொத்தமல்லி விதை ஒரு வாரம், கொய்யா இலை ஒரு வாரம் என்று மென்று பார்த்தார். திரும்பும் வண்டியில் என் முகத்துக்கு நேராக ஊதுவார். "இருக்கா?" நான் மூக்கைத் தீட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டும். கொய்யா இலைதான் ஜெயித்தது. இருந்தாலும் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி, அண்ணா பக்கத்திலிருந்து வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். வேட்டியில் வரும் வாடையை மாமி கேட்டபோது, "கம்பெனியிலே ஏதோ மருந்து வந்திருக்கு" என்றாராம். "அதுவும் பொய்யில்லே பாரும்" என்று என்னிடம் சொல்லி, அதைச் சொல்லும்போதே முகம் சுண்டிப்போனார்.

பச்சைப்பூண்டு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு எரிகிறது என்றார். என் சம்சாரம் கேட்டுவிட்டு, "பச்சையாவா குடுத்தே மனுஷா, ஐயரு கொடலு இன்னாத்துக்கு ஆவும்?" என்று என்னைத் திட்டி, நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அனுப்பினாள். அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை. நிதானமாக மென்றார். வாழையிலையில் ஒட்டியிருந்த எண்ணெயையும் விரலால் தொட்டு நக்கினார். வேப்பம்பட்டில் கேட்டார்: "இன்னும் ரெண்டு இருக்குமோ?"

அதன் பிறகு செவ்வாப்பேட்டை வரை அவர் காத்திருந்ததில்லை. ஏறி உட்கார்ந்ததும் அவர் கண் என் டப்பாவுக்குப் போகும்.

கார்த்திகையில் திரும்பவும் ரத்தம் எடுத்தார்கள். கொழுப்பு இறங்கியிருந்தது. டாக்டர் முதுகில் தட்டினாராம். சாமி அன்று பெட்டிக்குள் ஏறியது கல்யாண மாப்பிள்ளை மாதிரி. "நெய் அப்படியே. மாத்திரை அப்படியே. பூண்டு ஒண்ணுதான் ஓய்" என்று காதில் சொன்னார். எனக்கும் பெருமைதான். என் வீட்டுப் பூண்டாயிற்றே.

அப்போதுதான் பல் வந்து குறுக்கிட்டது. கடைவாய்ப் பல் சொத்தை, பிடுங்கியாக வேண்டும். பல் டாக்டர் விவரமானவர்; என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, அந்த மாத்திரையை முன்கூட்டியே சில நாள் நிறுத்தச் சொன்னார். சாமி அதைச் சொன்னபடியே நிறுத்தினார். பூண்டைப் பற்றிச் சாமி சொல்லவில்லை. மருந்தைத்தானே கேட்டார் என்பது அவர் நியாயம். அதோடு இன்னொரு வேலையும் செய்தார். மாத்திரை இல்லாத இந்த நாட்களில் பூண்டு தனியாக நின்று என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. "கொஞ்சம் ஜாஸ்தியா கொண்டு வாரும்" என்றார். என் சம்சாரம் ஒரு கிண்ணம் நிறைய வதக்கி அனுப்பினாள்.

சனிக்கிழமை அரை நாள். திருவள்ளூரில் பல் பிடுங்கும்போது துணைக்கு நான் போயிருந்தேன். பல் சுலபமாக வந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு வைத்தார்கள், நனைந்தது. எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள், அதுவும் நனைந்தது. காப்பி வேளை தாண்டியது. வெளுத்த மனிதர் இன்னும் வெளுத்துப்போனார். பல் டாக்டர் பயந்துபோய் எங்களைக் குதிரை வண்டியில் ஏற்றி, நெஞ்சு பார்த்த டாக்டரிடமே அனுப்பிவைத்தார். சேதி கேட்டு அண்ணா கோயிலிலிருந்து அப்படியே வந்து நின்றார். ஈர வேட்டி, கையில் துளசி.

டாக்டர் கண் இமையை விரித்துப் பார்த்தார். "மாத்திரையை நிறுத்தினீங்களா?"

சாமி தலையாட்டினார்.

"நிச்சயமா? அப்போ இவ்வளவு வரக்கூடாதே. வேற ஏதாவது சாப்பிடறீங்களா? சூரணம், லேகியம், கை வைத்தியம், எதுவானாலும் சொல்லுங்க."

சாமி அண்ணாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எங்காத்துல அதெல்லாம் பழக்கமில்லே டாக்டர்" என்றார் அண்ணா. "அவன் சுத்தமான சாப்பாடு."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் சாமி விரலை விட்டு வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். மோவாயில் ரத்தம் வழிந்தது.

"பூண்டு" என்றார்.

டாக்டருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "சமையல்லயா?"

"தனியா. தெனம். இந்த வாரம் நெறைய."

அண்ணா கையிலிருந்த துளசியை மெதுவாகத் துண்டில் முடிந்துகொண்டார்.

ஊசி போட்டு, பல் ஈறில் தையல் போட்டு, அழுத்திப் பிடித்து உட்காரவைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் ரத்தம் அடங்கியது. டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன், பேசவில்லை.

"பூண்டு கெட்டதுன்னு நான் சொல்லலை. சமையல்ல போட்டுச் சாப்பிடறதைப் பத்தியும் பேசலை. இப்படி அள்ளிச் சாப்பிட்டா அது ரத்தத்தை இளக்கும், மாத்திரை மாதிரியே. ரெண்டும் சேர்ந்தா கஷ்டம். கத்தி படற நேரத்துல ஒண்ணே போதும், ரத்தம் நிக்காம போக. மருந்தோ, வேரோ, சாப்பாடோ, வைத்தியன்கிட்ட மறைச்சா அவன் இருட்டுலதான் கை வைப்பான்."

சாமி வாயைத் திறக்கக்கூடாது. ஆனாலும் பஞ்சுக்குள்ளிருந்து கேட்டார்: "கொழுப்பு எறங்கினது?"

"பூண்டாலயும் இருக்கலாம். கொஞ்சம் குறைக்கும்னு சில பேர் சொல்றாங்க, நான் சத்தியம் பண்ண மாட்டேன். உங்க கம்பெனி கேன்டீன்ல உளுந்து போண்டா சாப்பிடுவேன்னு முன்ன சொன்னீங்களே, அது நடக்குதா?"

சாமி யோசித்தார். "வயித்தெரிச்சல்னு பூண்டு ஆரம்பிச்சப்பவே விட்டுட்டேன். இன்னும் தொடலை."

"அப்போ மாறினது ஒண்ணு இல்லை, ரெண்டு."

அன்று பூராவும் சிந்திய ரத்தத்தைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவரை அதிகமாக வாட்டியது என்று நினைக்கிறேன். சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் உள்ளே போனபிறகு பெஞ்சில் நாங்கள் மூன்று பேர். அண்ணா தம்பி பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எப்போலேர்ந்துடா?"

"ஆடி."

"கோஷ்டிக்கும் வந்துண்டிருந்தே."

"வந்துண்டிருந்தேன்."

"தொண்டை கட்டலை."

"கட்டலை."

அண்ணா துண்டின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். குரல் உயரவில்லை. "வைத்தியத்துக்குச் சாப்பிட்டா தோஷமில்லே. பெருமாள் உன் உயிரைக் கேக்கலை. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. மருந்தாச் சாப்பிட்டியா, ருசிக்குச் சாப்பிட்டியா?"

மருந்து என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாளைக்கே பழைய இடத்தில் போய் நிற்கலாம். அண்ணாவும் அதைத்தான் எதிர்பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது எனக்கே புரிந்தது. நான் சாமியின் முழங்கையை லேசாக இடித்தேன்.

அவரோ, ரயில் சன்னலைப் பார்ப்பாரே அதே மாதிரி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார்.

"மொதல்ல மருந்து. நடுவிலே எப்போ மாறித்துன்னு தெரியலை அண்ணா. இப்போ ருசி."

வெளியே குதிரை கனைத்தது. அண்ணா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த நெனப்பு நாக்கை விட்டுப் போனப்புறம் கோஷ்டிக்கு வா."

"போயிடுத்துன்னு யார் சொல்றது?"

"நீதான். உன் நாக்குக்குள்ளே நான் வந்து பாக்க முடியுமா?"

பூண்டு அன்றோடு நின்றது. மாத்திரை திரும்பி வந்தது. நெய்யை டாக்டரே மாமியைக் கூப்பிட்டுச் சொல்லி நிறுத்திவிட்டார். எல்லாம் ஒரே நாளில். "மூணையும் மாத்திட்டா ஓய். இனிமே எறங்கினாலும் ஏறினாலும் எதனாலேன்னு எவனுக்குத் தெரியும்?" என்று எரிச்சல்பட்டார். உடம்பு நன்றாகத்தான் தேறியது. அதையும் ஒரு குறையாகவே சொல்வார்.

தினமும் செவ்வாப்பேட்டை தாண்டியதும், "டப்பாவைத் தெறவும்" என்பார். திறப்பேன். என் சம்சாரம் காரக்குழம்பில் தாராளமாகப் பூண்டு போடுகிறவள். குனிந்து ஒரு மூச்சு இழுத்து, கண்ணை மூடி, நாக்கைக் கேட்பது மாதிரி கொஞ்ச நேரம் இருப்பார்.

"இருக்கு. மூடும்."

ஃபிட்டருக்குப் பொறுக்கவில்லை. "அட, போயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போ சாமி. யாரு வந்து பாக்கப் போறான்?"

"அதான் ஓய் சிரமம். பாக்கறவன் நான் ஒருத்தன்தான்."

அஞ்சே கால் வண்டிக்கு அவர் ஓடிவருவதை நிறுத்திவிட்டார். அடுத்த வண்டியில், கூட்டத்தில் நின்றுகொண்டு வருவார். கோஷ்டி முடிந்தபிறகுதான் ஊர் போய்ச் சேருவார்.

தை அமாவாசைக்கு நானும் என் சம்சாரமும் திருவள்ளூர் போனோம். குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வீதிக்கு வந்தால் பெருமாள் புறப்பாடு. ஜனங்களோடு ஜனமாக, பொரிக்கடை ஓரத்தில், சாமி நின்றுகொண்டிருந்தார். மேலே துண்டு மட்டும். தூரத்தில் கோஷ்டியின் குரல் கேட்க ஆரம்பித்ததுமே இவர் உதடு அசைந்தது. ஒரு எழுத்து முந்தாமல், ஒரு எழுத்து பிந்தாமல், அவர்களோடு சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது.

"இன்னா சாமி, இங்க நின்னுக்கினு கீறீங்க?" என்றாள் என் சம்சாரம்.

அவர் சிரித்தார். "உம்ம கைப்பக்குவம் அப்படிம்மா."

கோஷ்டி நெருங்கியது. நாலு நாலு பேராக வரிசை. முதல் வரிசையில் அண்ணா. எங்களுக்கு நேராக வந்தபோது அவர் தலை திரும்பவில்லை, குரலும் நிற்கவில்லை. பக்கத்தில் நடந்தவரின் தோளைப் புறங்கையால் லேசாகத் தள்ளினார். அவர் விலகினார். அண்ணாவுக்கு இடது பக்கம், ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடம் உண்டாயிற்று.

என் சம்சாரம் என் கையைப் பிடித்தாள். சாமி ஒரு கால் எடுத்து வைத்தார். நான் பார்த்தேன், கால் தெருவுக்குப் போய்விட்டது. பாசுரம் சொல்வதை நிறுத்தி, வாயை மூடி, நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். டப்பாவைத் திறக்கச் சொல்லிவிட்டுச் செய்வாரே, அப்படி.

பிறகு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு நைனா" என்றார்.

அண்ணா இடத்தை மூடவில்லை. அந்த ஒரு ஆள் அளவு இடம் அப்படியே, வெற்றிலைக் கடையைத் தாண்டி, வீதி திரும்புகிற வரைக்கும், அவர் பக்கத்தில் நடந்துகொண்டே போயிற்று.